குத்தியபோது அழாத பிள்ளை

என் புருஷனின் செத்தவீட்டில் என் காதில் விழுந்த முதல் புகழ்ச்சியே நான் கேட்கக் கூடாத ஒன்றாக இருந்தது.

"குட்டநோயையே மாத்தின கை இது," என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம்மா முன் அறையில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கறுப்புக் கோட்டோடு பெட்டியில் கிடந்தார். நான் தலைமாட்டில் குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருந்தேன். துக்கம் தாங்காமல் இருக்கிறேன் என்று நினைத்து இரண்டு பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட வெட்கம்தான் அதிகம்.

இன்னாசிப்பிள்ளை அப்போதிக்கரியைக் கண்டல்முனையில் தெரியாதவர்கள் கிடையாது. கடலும் களப்பும் இரண்டு பக்கமும் நெருக்குகிற அந்தத் துண்டு நிலத்தில் டொக்டர் என்று யாரும் இல்லை. அரசாங்க மருந்துச்சாலை ஒன்று, அதில் இவர். அவருடைய தகப்பன் சிலாபம் பக்கத்தில் கரைவலை இழுத்தவர். மீன் வாடையோடு பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளிடம் கேலி பட்டதை இவர் சாகும்வரை மறக்கவில்லை. அதனால்தான் சித்திரை வெயிலிலும் அந்தக் கோட்டைக் கழற்றமாட்டார். "வேர்த்து ஊத்துது, கழட்டுங்களன்," என்றால், "உனக்கு விளங்காது அல்பொன்சா," என்பார். எனக்கு நன்றாக விளங்கியது. கொழும்பில் இரண்டு வருஷம் படித்து அப்போதிக்கரியாக வந்தவருக்கு டொக்டர் ஆக முடியாமல் போன ஆத்திரம். கோட்டுக்குள் அதைத்தான் பொத்தி வைத்திருந்தார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். முப்பத்தைந்தாம் ஆண்டு மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைச் சரித்தபோது, கொயினா போத்தலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மணலில் உருட்டி உருட்டிப் போனவர் அவர். ஒரு மாதம் வீட்டில் ஒழுங்காக ஒரு நேரம் சாப்பிட்டதில்லை. தாழை மறைவில் இருந்த குடிசைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தப் பேர் அவர் உழைத்து வாங்கிய பேர். அதை யாரும் குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிறகு வந்த பேரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அவர் கோட்டு மடிப்பில் எப்போதும் ஒரு குண்டூசி குத்தியிருக்கும். கட்டி உடைக்க, முள் எடுக்க, மரத்துப்போன காலைச் சோதிக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். பெரிய தலையணை அளவில் ஓர் இங்கிலீசு வைத்தியப் புத்தகமும் வைத்திருந்தார். புத்தளத்தில் இருந்த டொக்டர் மாதம் ஒருமுறை சோதிக்க வருவார். அவர் வந்துபோன அன்று முழுவதும் எனக்கு வீட்டில் நிம்மதி இருக்காது. "இந்தக் கேஸ நான் முதலே கண்டுபிடிச்சனான், அவர் ஒரு வார்த்தை சொல்லேல்ல," என்று புகைந்துகொண்டே இருப்பார். அந்த டொக்டரின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று என் மனிசன் தவம் கிடந்தார்.

எங்கள் ஊரில் பாதிக்கு மேல் முஸ்லிம் ஆட்கள். அவர்களுடைய பெண்கள் மருந்துச்சாலையின் முன்வாசலுக்கு வரமாட்டார்கள். மருந்துச்சாலைக்குப் பின்பக்கம் எங்கள் வீடு, அதன் குசினிக் கதவால் என்னிடம் வருவார்கள். என்ன நோவு, எத்தனை நாள் என்பதை என்னிடம் சொல்வார்கள். நான் உள்ளே போய் அவரிடம் சொல்வேன். அவர் கேட்பதை நான் வந்து அவர்களிடம் கேட்பேன். பிள்ளைகள் என்றால் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். இப்படி எத்தனையோ வருஷம் நடந்தது, ஒரு பிழையும் வரவில்லை. அதனால் எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று தீர்மானிக்கிற பெரிய மனுஷி ஆகிவிட்டேன் நான்.

முப்பத்தெட்டாம் ஆண்டு ஜூலை மாதம், தலவில் தேவாலயத் திருவிழாவுக்கு நாங்கள் ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த நேரம். உப்பளத்தில் வேலை செய்கிற மீராசாஹிபின் பெண்சாதி ஹவ்வா உம்மா தன் மகள் மர்ளியாவைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் முறையாக வந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது. புறங்காலில் மூன்று வட்டம், வலது புறங்கையில் ஒன்று. நடுவில் தோல் சாதாரணமாக இருக்கும். ஓரம் மட்டும் சிறு பாசிமணி கோத்ததுபோல் தடித்துச் சிவந்திருக்கும். படர்தாமரை என்று அவர் முதலில் களிம்பு கொடுத்தார். ஒரு மாதம் பூசியும் அசையவில்லை. சொறிச்சல் இல்லை, செதில் உதிரவில்லை. இரண்டுமில்லாமல் படர்தாமரை ஏது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குட்டமாக இருந்தால் வட்டத்தில் குத்தினாலும் நோகாது.

அன்று ஹவ்வா உம்மா குசினியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே பிள்ளையின் காதைக் காட்டினாள். காதோரம் முழுக்க வரிசையாகத் துளை, ஒவ்வொன்றிலும் நூல்.

"போன மாசம் காது குத்தின நோனா. தட்டார் ஊசி எடுக்கக்குள்ள மத்தப் புள்ளகள் கத்தின கத்து களப்புக்குக் கேட்டிரிக்கும். எண்ட புள்ள கண்ண மூடிக்கிட்டு மூச்சு உடல்ல. எல்லாரும் கெட்டிக்காரி எண்டு கற்கண்டு குடுத்தாங்க."

"ஓம் ஓம், கெட்டிக்காரிதான்," என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பற்றி அளக்கிற கதைகளை நான் ஒருபோதும் அவரிடம் கொண்டுபோவதில்லை.

அவர் பிள்ளையை மர வாங்கில் இருத்தி, கோட்டிலிருந்து குண்டூசியை எடுத்தார். "குத்தினால் சொல்ல வேண்டும், விளங்குதா?" என்று டொக்டர் குரலில் கேட்டார். பிள்ளை அந்நிய ஆம்பிளையோடு வாய் திறக்கிற பிள்ளை இல்லை. நான் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, கண்ண மூடிக்கொண்டு அசையாம இரு, நல்ல பிள்ளயெல்லோ," என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

நாலு வட்டம், நாலு குத்து. பிள்ளை அசையவில்லை. கடைசிக் குத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்து அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். மேல் உதட்டில் பொடி வேர்வை இருந்தது. ஐயோ, ஒன்றும் உணரவில்லையே இந்தப் பிள்ளைக்கு என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தோளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

வட்டத்தில் குத்தினால் பக்கத்து நல்ல தோலிலும் குத்திப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்று அவருடைய புத்தகத்திலேயே இருக்கிறது. பின்னாளில் அவரே அந்தப் பக்கத்தை விரலால் தொட்டு எனக்குக் காட்டினார். அன்று அவருக்கு அது நினைவுக்கு வரவில்லை. குட்டத்தின் தொடக்கத்தை டொக்டருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்ட ஆளுக்கு வேறு என்ன நினைவு வரும்?

தாயிடம் ஒன்றும் சொல்லாமல் களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று பின்னேரமே புத்தளத்துக்குக் கடிதம் எழுதினார். குட்டம் என்று தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்பது அப்போது சட்டம். உறுதியானால் ஹெந்தளைக் குட்டரோக ஆசுபத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், தாயும் தகப்பனும் கூடப் போக முடியாது. ஐந்து வயதுப் பிள்ளையைப் பிரித்து அனுப்பச் சொல்லும் அந்தக் கடிதத்தை அவர் எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார். கையெழுத்து மணிமணியாக இருந்தது. நானும் கெட்டித்தனம் என்றேன்.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். ஹவ்வா உம்மா குடித்த கோப்பையைத் தூக்கிக் குப்பைக் கிடங்கில் எறிந்தேன். பிள்ளை இருந்த வாங்கையும் என் மகள் றோசாவின் கையையும் கிருமி கொல்லும் கொண்டீஸ் தண்ணீரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாசலெல்லாம் ஊதா நிறமாக ஓடியது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பாக்கியம்மா என்ன விஷயம் என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத," என்று தொடங்கிச் சொன்னேன்.

இரண்டே நாளில் ஊரே பற்றிக்கொண்டது. கிணற்றில் ஹவ்வா உம்மா தொட்ட கயிற்றை அறுத்து வேறு கட்டினார்கள். மர்ளியாவின் தமையனை ஓதப்பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றார்கள். மீராசாஹிபை உப்பளத்துக் கங்காணி வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டான். மகளைச் சோதிக்க மூன்றாம் வாரம் புத்தளத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஊர் அதிகாரி விதானை கட்டளையோடு வந்தபோது, அவர்கள் வீட்டு முற்றத்தில் காக்கையைத் தவிர வேறு எதுவும் இறங்குவதில்லை.

ஊசி குத்திய பதினோராம் நாள் அவர் அவர்களுடைய வீட்டுப் பக்கம் சைக்கிளில் போனார். பிள்ளையை எங்கேயாவது ஒளித்துவிடுவார்களோ என்று பார்த்து வரத்தான் போனார், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளை வேலியோரம் மணலில் தனியே விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று வீரிட்டுக் கத்திக்கொண்டு காலைத் தூக்கினாள். கட்டெறும்பு. தாய் ஓடி வருவதற்குள் பிள்ளையே எறும்பைப் பிடுங்கி எறிந்தாள். அது கடித்துக்கொண்டிருந்தது வட்டத்தின் ஓரத்தில்.

வீட்டுக்கு வந்தவர் கோட்டோடு கதிரையில் விழுந்தார். சோறு வேண்டாம் என்றார். "அண்டைக்குத் தாய் குசினியில உனக்கு என்ன சொன்னவ? ஒண்டும் விடாமச் சொல்லு," என்றார்.

சொன்னேன். காது குத்தியது, கண்ணை மூடியது, கற்கண்டு, எல்லாம் சொன்னேன். அவர் குண்டூசியை எடுத்துத் தன் புறங்கையில் ஒரு குத்துக் குத்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நொந்ததுதான் அல்பொன்சா. அது அழாம இருந்திருக்கு."

அன்றே அவர் எழுந்து போய், நான் பிழை விட்டுவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கலாம். அரை மைல் தூரம்கூட இல்லை. அவர் போகவில்லை. முதல் கடிதத்தின் மை காயுமுன் இரண்டாம் கடிதம் எழுதினால் டொக்டர் சிரிப்பார் என்றார். புத்தளத்தில் எப்படியும் சோதிப்பார்கள், உண்மை அவர்கள் வாயால் வரட்டும் என்றார். சிலாபத்துக்கு மாற்றம் கேட்டிருந்தோம். றோசாவைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான்தான் அவரை நச்சரித்தவள். "பத்து நாள்தானே, விடுங்க," என்று சொன்னதும் நான்தான். அவர் ஒரு தடவை வாசல்வரை போய் நின்றார். நான் வேண்டாம் என்று மறித்தேன்.

அதற்கு நாலாம் நாள் ஹவ்வா உம்மாவுக்கு யாரோ புத்தி சொன்னார்கள், வட்டத்தைச் சுட்டு எடுத்தால் பிள்ளையைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று. அவள் சேங்கொட்டைப் பாலை எடுத்துப் பிள்ளையின் காலில் இருந்த மூன்று வட்டத்திலும் பூசிவிட்டாள். பெற்ற தாய், பயத்தில் செய்தாள். புறங்கால் முழுக்கக் கொப்பளித்துத் தோல் உரிந்து, சதை தெரிந்தது. விஷயம் கேள்விப்பட்டு அவர் சைக்கிளையும் எடுக்காமல் ஓடினார். பிள்ளை இந்தத் தடவை வாய்விட்டு அழுதாள் என்று திரும்பி வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் கண்டதில்லை.

புத்தளத்துக்கு அவரே கூடப் போனார். டொக்டர் பிள்ளையை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டினாராம். ஒரு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீர், மற்றதில் பச்சைத் தண்ணீர். கையில் மிஞ்சியிருந்த வட்டத்தில் மாற்றி மாற்றி வைத்து எது சூடு, எது குளிர் என்று கேட்டார். பிள்ளை ஒன்றும் தவறாமல் சொன்னாள். இறகால் தொட்டார், சிரித்தாள். முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், வட்டத்தின் ஓரத்தில் துளி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். குட்டத்தின் அடையாளம் எதுவும் இல்லை. இது சின்னப் பிள்ளைகளுக்கு அரிதாக வருகிற ஒரு தோல் அழற்சி என்றார். லத்தீனில் ஏதோ ஒரு பெயர் சொன்னார். யாருக்கும் ஒட்டாது, வலிக்காது, மருந்தே வேண்டாம், ஒன்றிரண்டு வருஷத்தில் தழும்பும் இல்லாமல் தானாகவே போய்விடும் என்றார்.

"அந்தக் காலை யார் இப்படிச் சுட்டது?" என்று கேட்டாராம். என் மனிசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தேகப்பட்டு நேரத்தோடு அறிவித்தது நல்ல வேலை என்று பாராட்டினார். எத்தனையோ வருஷம் காத்திருந்த பாராட்டு வந்தது. பிள்ளைக்குக் குட்டம் இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை என்று கையொப்பமிட்ட கடிதம் ஒன்றையும் கொடுத்து, இதை ஊரில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு என்றார்.

திரும்பி வருகிற வழியில், இங்கிலீசில் பேசியது ஒன்றும் விளங்காத மீராசாஹிப், "டொக்டர் என்ன சென்ன ஐயா?" என்று கேட்டார்.

"மருந்து தந்திருக்கிறார். நான் சொல்லுறபடி பூசினால் மாறிப்போகும்," என்றார் இவர்.

அந்த ஒரு சொல்தான். கடிதம் எங்கள் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. இரண்டு மாதம் தினமும் போய்ப் பிள்ளையின் காலுக்குத் தன் கையால் மருந்து கட்டினார். கை வட்டத்துக்கு வெறும் துத்தநாகக் களிம்பு கொடுத்தார். ஒன்றரை வருஷத்தில் அது இருந்த இடமே தெரியாமல் போனது. ஊர் அதைப் பார்த்து, அப்போதிக்கரி குட்டத்தை மாற்றிவிட்டார் என்றது. நுரைச்சோலையிலிருந்தும் ஆட்கள் வண்டி கட்டி வந்தார்கள். மீராசாஹிபுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, கிணற்றில் தண்ணீர் அள்ள விட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டதுதானே என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். சிலாபத்து மாற்றம் வந்தது. அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கோட்டு மடிப்பில் அதன் பிறகு ஊசி இருந்ததில்லை.

ஒன்பது வருஷம் போய், வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகப் போகிறான் என்று பேப்பரில் வருகிற காலத்தில், நெஞ்சு நோவு வந்து அவர் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டன்று மத்தியானம், குசினிக் கதவால் ஹவ்வா உம்மா வந்தாள். பின்னால் மர்ளியா, பதினாலு வயது, முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். ஹவ்வா உம்மா என் கையைப் பிடித்து அழுதாள். அழுது முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடா நோனா. புள்ளக்கிக் கற்பிட்டியில ஒரு சம்மந்தம் வந்த. கால்ல தழும்பக் கண்டு, ஊருலயும் விசாரிச்சு, மாறின நோய் திரும்பி வருமாண்டு கேட்டுட்டுப் பெய்த்தாங்க. இது மூணாவது. இனி நோய் வராதெண்டு ஐயாகிட்ட ஒரு கடுதாசி வாங்க நெனச்ச. ஐயா பெய்த்தார்."

என் புருஷன் பக்கத்து அறையில் கிடக்கிறார். அவர் பேர் இன்னும் சில மணி நேரம் தாங்கினால் போதும், பிறகு மண்ணோடு போய்விடும் என்று ஒரு மனம் சொன்னது. இதே குசினியில் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு உள்ளே போனவள் நான். அலுமாரியைத் திறந்து அடித்தட்டிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் அவர் வாசித்துச் சொல்லி, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் தெரியும்.

"இது புத்தளம் டொக்டர் தந்தது. உங்கட மகளுக்கு ஒரு நாளும் அந்த நோய் இல்ல. அவர் பிழையாச் சொன்னவர். அண்டைக்கு நீங்க காது குத்தின கதைய நான் அவரிட்டச் சொல்லேல்ல. இது தெரிஞ்சும் நாங்க ரெண்டு பேரும் சொல்லாம இருந்தநாங்க. சேங்கொட்டை பூச முந்தியே எங்களுக்குத் தெரியும்."

ஹவ்வா உம்மா கடிதத்தை வாங்கவில்லை. விளங்காதவள்போல என்னையே பார்த்தாள். பிறகு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகளின் காலைப் பார்த்து, தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். என் கன்னத்தில் அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கடிதத்தை வாங்கியது மர்ளியா.

"எனக்குத் தெரியும் நோனா," என்றாள். "நாலு தரம் குத்தின. நாலும் நொந்த. உம்மாக்கிட்ட சென்ன, ஐயா பொய் செல்ல மாட்டார் எண்டு உம்மா சென்ன. பொறகு எனக்கே சந்தேகம் வந்திட்டு, நொந்ததா இல்லயா எண்டு." கடிதத்தை மடித்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "அழாம இருந்து, கண்ணத் தொறந்து ஒங்கட மொகத்தத்தான் பாத்தன். கெட்டிக்காரி எண்டு செல்லுவீங்க எண்டு. நீங்க கைய எடுத்திட்டீங்க."

முன் அறையில் பாக்கியம்மா புதிதாக வந்த யாருக்கோ அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கே போனேன். ஒன்பது வருஷத்துக்கு முன் வேலிக்கு மேலால் யாரிடம் சொன்னேனோ, அவளிடமே சொன்னேன்.

"நிப்பாட்டு பாக்கியம். அந்தப் பிள்ளைக்குக் குட்டம் வரவே இல்ல. இவர் மாத்தவும் இல்ல. இத எல்லாருக்கும் சொல்லு."

செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை.